காளைக்குப் பக்கத்தில் ஒரு வேலை

இலங்கையிலிருந்து நாங்கள் வந்து சேர்ந்த இரண்டாவது வருடம், சித்திரை மாதத்தில், என் சித்தப்பாவுக்கு ஒரு மியூசியத்தில் வேலை கிடைத்தது. அவர் வந்து அதைச் சொன்னபோது அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கையில் கரண்டியோடு திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். ரொட்டி கருகி லயம் முழுக்க வாசம் போனது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அந்த ஒரு வருடமாக எங்கள் வீட்டில் எது கருகினாலும் அதற்கு ஏதாவது கெட்ட செய்திதான் காரணமாக இருந்தது.

சித்தப்பா அங்கே, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில், கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்து பறிப்பவர்கள் பள்ளத்தில் குனிந்து நிற்க, மேட்டில் குடையும் நோட்டுப்புத்தகமுமாக நிமிர்ந்து நிற்பதுதான் அந்த வேலை. எங்கள் குடும்பத்தில் நிமிர்ந்து நின்று வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான். நான்கு வருடம் நின்றார். அதற்குள் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் பட்டியலில் எங்கள் பெயர் வந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமில் சில வாரம் கிடந்தோம். ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி ஏறி, கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். இங்கே அவற்றை லைன் என்றார்கள். நாங்கள் பழைய பழக்கத்தில் லயம் என்றே சொன்னோம். அப்பாவுக்குத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. சித்தப்பாவின் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் போனார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. அதற்காக அவர் முனகவில்லை. எட்டாம் நாள் காலையில் பெயர் கூப்பிட்ட மேஸ்திரி, அவர் பெயரைச் சொல்லாமல், "டேய் சிலோன், நீ மேல் காட்டுக்குப் போ" என்றானாம். சித்தப்பா மண்வெட்டியைச் சுவரோரம் பதமாகச் சாத்திவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகு வருடம் முழுக்க மனு எழுதினார். அவர் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். லயத்தில் யாருக்கு எந்த மனு தேவையென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் எழுதிக்கொடுத்து ஒருவருக்கு ரேஷன் அட்டை வந்தது. இன்னொருவருக்கு மருமகளோடு சமாதானம்கூட ஆயிற்று. அவருக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அவருடைய சிலோன் சான்றிதழை வாங்கியவர்கள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே கொடுத்தார்கள். பானையில் சோறு குறைவாக இருக்கும் நாட்களில் "பசியில்ல அண்ணி" என்று சொல்லி வெளியே போய்விடுவார். ஆள் மூங்கில் கழிபோல் ஆகிக்கொண்டே வந்தார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் மியூசியத்தில் வேலை. பக்கத்து ஊரான அரவேணுவுக்கு மேலே, ஒரு மேட்டில், வெள்ளைப் பங்களா ஒன்று இருந்தது. அதில் இருந்த கிழ தொரை, தோட்டத்தையெல்லாம் விற்றுவிட்டு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டவர். இளம் வயதில் ஸ்பெயின் தேசத்துக்குப் போய், அங்கே நடக்கும் மாட்டுச் சண்டையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பைத்தியம் தெளியவே இல்லை. அங்கிருந்து கத்தி, துணி, சுவரொட்டி என்று வருடா வருடம் சேர்த்தார். பிறகு நம் ஊரிலும் மாடு பிடிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, மதுரைப் பக்கம் போய் அங்கேயும் கொம்பும் மணியும் படங்களுமாக அள்ளிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் இரண்டு பெரிய அறைகளில் வைத்து, சீசன் நாட்களில் சுற்றுலா வருபவர்களுக்குத் திறந்துவிட்டார். சுற்றுவட்டாரத்தில் அவருக்கு மாட்டு தொரை என்று பெயர்.

"அங்க என்னா வேலை தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"உள்ள நிக்கிற வேலை, அண்ணி. காளைக்குப் பக்கத்துல."

"காவலா?"

"காவலுக்கு வேற ஆளு இருக்கு. நான் மேடையில நிக்கணும். வர்றவங்க எல்லாரும் நம்மளப் பாத்துட்டுத்தான் போவாங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, மறுபடியும் ஒங்களுக்கு மேட்டுல நிக்கிற வேலையாத்தான் அமைஞ்சிருக்கு" என்றாள். சித்தப்பா கருகிய ரொட்டியை எடுத்துத் தின்றார்.

வேலையில் சேர்ந்த மறுநாள் அவர் மீசையை எடுத்துவிட்டு வந்தார். அம்மா பதறிப்போய், யார் செத்தது என்று கேட்டாள். அங்கே எல்லோரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். மாலையில் வரும்போது காதுமடலுக்குப் பின்னால் பவுடர் ஒட்டியிருக்கும். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும். திண்டாடித்தான் சம்மணம் போட்டு உட்காருவார். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் என்பதால் அன்றைக்கும் லீவு கிடையாது. பொறுப்பான உத்தியோகம் என்றால் அப்படித்தான் என்று அம்மா லயத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் சொன்னேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் கணக்கில், சித்தப்பா ஏதோ உயிருள்ள காளைகளை அடக்கி வைத்திருந்தார்.

வேலைக்குப் போகிற வழியில் சித்தப்பா அரவேணுவில் ஒரு கடையில் டீ குடிப்பார். கடைக்காரருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. சித்தப்பா பேப்பரை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டுவாராம். அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்னால் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தது. மனைவி இறந்த பிறகு கடையை நடத்தியது அவருடைய ஒரே மகள்தான். இருபத்தைந்து வயது. பெண் பார்க்க வந்த இரண்டு பேரை வேண்டாமென்று சொல்லிவிட்ட பெண் என்று பேர் வாங்கியிருந்தாள். பேப்பர் வாசிப்பில் தொடங்கிய பழக்கம், ஒரு நாள் அப்பாவையும் அம்மாவையும் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது. பெரியவர்கள் சாதியை விசாரித்துக்கொண்டார்கள், அது ஒத்துப்போனது. சிலோன்தான் ஒத்துப்போகவில்லை. ஊரும் இல்லாமல் நிலமும் இல்லாமல் கப்பலில் வந்த ஆட்களுக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்று கடைக்காரரின் சொந்தக்காரர்கள் குறுக்கே நின்றார்கள். அம்மாவின் கையில் அதற்குப் பதிலாக மியூசியம் ஒன்றுதான் இருந்தது. அதை அவள் தாராளமாக எடுத்து வீசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்காரர் எங்கள் லயத்துக்கு வந்துவிட்டார். சொல்லாமல் வந்தது ஒரு பக்கம் இருக்க, மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணம் முடிவாகாமல் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்பதை எங்கள் லயம் பார்த்ததில்லை. அந்த அக்கா கத்தரிப்பூ நிறச் சேலையில், கையில் ஒரு குடையோடு, எந்தக் கூச்சமும் இல்லாமல் நின்றாள்.

"ஏனுங்க, தம்பி வேலை செய்யற எடத்த ஒருக்காப் பாத்துப்போட்டு வந்துரலாமுங்களா?" என்றார் கடைக்காரர்.

அப்பா தலையைச் சொறிந்தார். "அவன் வேலையில இருப்பானேங்கய்யா."

"இருக்கட்டுமுங்க. நாம எதுக்குத் தொந்தரவு பண்றோம்? டிக்கெட்டு வாங்கி, எல்லாரையும்போலப் பாத்துட்டு வந்துரலாம்."

மறுப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பூச்சி உருண்டை வாசத்தோடு எங்கள் ஊர்வலம் பஸ் ஏறியது. அரவேணுவில் இறங்கி மேட்டில் ஏறினோம். வழி முழுக்க அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சித்தப்பாவின் குணங்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உன் சித்தப்பாவுக்குக் கோபம் வருமா என்று ஒரு தடவை கேட்டாள். வந்தால் வெளியே போய் நின்றுகொள்வார் என்று நான் சொன்னேன்.

பங்களா முகப்பில் பிரம்பு நாற்காலியில், முழங்காலுக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு தொரை உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஏதோ மந்திரிக்கு வணக்கம் வைப்பதுபோலத் தலையைக் குனிந்தார். அப்பாவுக்குக் கை தானாக எழுந்து கும்பிட்டுவிட்டது. காவல்காரர் டிக்கெட் கிழித்துக்கொடுத்தார். கடைக்காரரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. உடனே அதை விழுங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

முதல் அறை நம் ஊர் மாடுகளுக்கானது. சுவர் நிறைய படங்கள். ஒரு காளை நான்கு காலும் தரையில் படாமல் எம்பி நிற்கிறது. அதன் திமிலில் ஒருவன் தொங்குகிறான். கீழே இன்னொருவன் மண்ணில் உருள்கிறான். கொம்புக்கு மாட்டும் பித்தளைக் குப்பிகள், கழுத்துக் கயிறுகள், அடுத்த அறைக்குப் போகும் வாசலோரம் மணிகள் கோத்த ஒரு அகலமான தோல் பட்டை. ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளை அட்டையில் விவரம் எழுதியிருந்தது. அம்மா ஒரு அட்டைக்குக் கிட்டே போய், "இது எங்க தம்பி எழுத்து!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். சத்தியமாக அது சித்தப்பாவின் எழுத்துதான். அந்த அக்கா அதற்குப் பிறகு ஒரு அட்டையைக்கூட விடவில்லை. உதட்டை அசைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தாள்.

கடைக்காரர் அந்த எம்பும் காளையின் படத்துக்கு முன்னால் நின்று, "உங்க பாட்டன் காலத்து ஊரு மதுரைப் பக்கந்தானுங்களே? அங்கெல்லாம் இப்பிடித்தான் புடிப்பாங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா படத்தை நெடுநேரம் பார்த்தார். "புடிப்பாங்களாம்" என்றார். "நாங்களும் இப்பத்தான் பாக்கிறோமுங்க."

கடைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

இரண்டாவது அறைக்குள் நான்தான் முதலில் ஓடினேன். உயிருள்ள காளை அங்கேதான் இருக்கும் என்று நம்பினேன். நடுவில் ஒரு மேடை. அதன்மேல் கன்னங்கரேலென்று ஒரு காளை, தலையைத் தாழ்த்திக் குத்த வருவதுபோல் நின்றது. தலை ஸ்பெயினிலிருந்து வந்தது, உடம்பு கோத்தகிரித் தச்சர் செய்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். காளைக்கு எதிரே ஒரு மனிதப் பொம்மை. முழங்காலோடு நின்றுபோன இறுக்கமான கால்சட்டை, அதற்குக் கீழே ரோஸ் நிறக் காலுறை, உடம்போடு ஒட்டிய குட்டைச் சட்டை முழுக்கத் தங்க ஜரிகை. முகம் வெள்ளைவெளேரென்று இருந்தது. தலையில் கறுப்புத் தொப்பி. ஒரு கையில் சிவப்புத் துணி, மறு கையில் கத்தி. இவ்வளவு அழகான பொம்மையை நான் பார்த்ததே இல்லை. கிட்டே போனேன். என் உயரத்துக்கு அதன் கைதான் நேராகத் தெரிந்தது. சிவப்புத் துணியைப் பிடித்திருந்த கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

தலைமன்னாரில் தகரப் பெட்டி விழுந்து வளைந்த விரல் அது. அந்தப் பெட்டி என்மேல் விழாமல் தடுத்த விரல்.

நிமிர்ந்து பார்த்தேன். பொம்மையின் கண்மணிகள் மட்டும் கீழே இறங்கி என்னைப் பார்த்தன. ஒரு நொடிதான், திரும்பவும் காளையின் நெற்றிக்குப் போய்விட்டன. அந்த ஒரு நொடியில் சித்தப்பா என்னிடம் கெஞ்சினார். பெரியவர்கள் குழந்தைகளிடம் கெஞ்சுவார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். மூடிய பிறகுதான் பயம் வந்தது. பெரியவர்கள் நான்கு பேரும் அறைக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

அப்பா பொம்மையை ஒரு தடவை பார்த்தார். உடனே எதிர்ச் சுவரிலிருந்த கத்திகளின் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி அட்டையை வாசிக்க ஆரம்பித்தார். என் அப்பா எதையும் இத்தனை ஆர்வமாக வாசித்து நான் கண்டதில்லை. அம்மா கல்யாணச் சேலையின் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, "அம்புட்டுக் குளுரு இந்த அறையில" என்றாள், யாரிடமும் இல்லாமல். கடைக்காரர் மட்டும் மங்கலான கண்ணை இடுக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தார். காவல்காரரைக் கூப்பிட்டு, ஸ்பெயின் தேசத்தில் மாட்டைப் பிடித்துவிட்டு என்ன செய்வார்கள் என்று கேட்டார். கொன்றுவிடுவார்கள் என்றார் காவல்காரர். "கொன்னுபோட்டா அடுத்த வருசம் எதைப் புடிப்பாங்க?" என்று கடைக்காரர் உண்மையான கவலையோடு கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை என்று நான் நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில்தான் அந்த இளைஞர்கள் உள்ளே வந்தார்கள். சமவெளியிலிருந்து சீசனுக்கு வந்த கல்லூரிப் பையன்கள் நான்கைந்து பேர். இது பொம்மையா ஆளா என்று அவர்களுக்குள் பேச்சு வந்தது. ஒருவன் முகத்துக்கு எதிரே கையைத் தட்டினான். பொம்மை அசையவில்லை. இன்னொருவன் காலுறையை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. கண்ணாடி போட்ட ஒருவன், "குத்திப் பாத்தா தெரிஞ்சிரும்டா" என்று சொல்லி, சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி விரித்தான்.

சித்தப்பாவின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அதை நான் பார்த்தேன். குத்தினால் அவர் கத்துவார். கத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். இத்தனையும் ஒரே சமயத்தில் எனக்குத் தோன்றியது. முதல் அறை வாசலுக்கு ஓடினேன். அந்தத் தோல் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். பட்டையும் மணிகளும் அது மாட்டியிருந்த பலகையும் என்னோடு சேர்ந்து தரைக்கு வந்தன. அந்த ஓசையைச் சொல்லி முடியாது. காலங்காலமாக எத்தனையோ வாடிவாசல்களில் ஒலித்த மணிகளெல்லாம் அன்றைக்கு அந்தப் பங்களாவில் ஒன்றாக எழுந்தன. அப்பா ஓடிவந்தார், காவல்காரர் ஓடிவந்தார், பையன்கள் சிலர் ஓடிவந்தார்கள். அம்மா வந்த வேகத்தில் முதுகில் ஒன்று வைத்தாள். நான் பெருங்குரலெடுத்து அழுதேன். வலி கொஞ்சம்தான். சத்தம் நிற்காமல் இருக்கட்டும் என்றுதான் மீதி அழுகை. வெளியே நாற்காலியிலிருந்த தொரை, என்னவோ ஏதோவென்று பதறாமல், இன்னொரு தடவை ஆட்டு என்பதுபோலக் கையை ஆட்டினாராம்.

அமளி அடங்கி, பலகையைத் தூக்கி நிறுத்திவிட்டு, அப்பா பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டு முடித்தபோது, ஊக்கு வைத்திருந்தவன் தன் கூட்டத்தோடு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தான். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்த அக்கா மட்டும் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு சத்தத்துக்கும் இடத்தை விட்டு அசையாத பெண்ணுக்குக் காது சரியாகக் கேட்குமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

போகலாம் என்று அப்பா சொன்னார். எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தார்கள். கடைக்காரர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டினாள். உடனே அவர் திரும்பி மேடைக்கு முன்னால் போனார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பொம்மையை நேராகப் பார்த்து, "நல்லாருக்குதுங்க" என்றார். "பொம்மை ரொம்ப நல்லாருக்குது. எங்களுக்குப் புடிச்சுப்போச்சுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம், கண் தெரியாத மனிதர் பொம்மைக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிறார்! சித்தப்பாவின் கன்னத்துப் பவுடரில் ஒரு கோடு மெதுவாக இறங்கியது. இவ்வளவு நேரம் இமைக்காமல் நின்றால் கண் எரியத்தானே செய்யும்? அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, நான் அம்மாவின் சேலையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

வாசலில் அப்பா காவல்காரரிடம், எங்கள் தம்பியைப் பார்க்க முடியவில்லையே என்றார். அவர் உள்வேலையாக இருக்கிறார் என்றார் காவல்காரர். எல்லோரும் அப்படியா என்று தலையாட்டினார்கள். ஒருவர்கூட மறுகேள்வி கேட்கவில்லை.

மாலையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். முகத்தைத் தேய்த்துக் கழுவியதில் சிவந்திருந்தது. வாசலிலேயே நின்றார். அம்மா, "வாங்க தம்பி, மியூசியம் பாத்துட்டு வந்தோம், உங்க எழுத்து அழகா இருந்திச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேட்காமலேயே காலை ஊறவைக்க வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா எழுந்து போய்த் தன்னுடைய கம்பளியை எடுத்து அவர்மேல் போர்த்தினார். அப்பா யாருக்கும் போர்த்திவிடுகிற ஆள் இல்லை. கருவாட்டில் பெரிய துண்டும் சித்தப்பாவுக்கே போனது. அவரைக் காப்பாற்றியது நான். அடியும் எனக்குத்தான், சின்னத் துண்டும் எனக்குத்தான். அநியாயமாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். சித்தப்பா என் தட்டைப் பார்த்துத் தன் துண்டைப் பாதியாகப் பிட்டு வைத்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சித்தப்பா இன்னும் ஒரு சீசன் அந்த மேடையில் நின்றார். தொரை மறைந்த பிறகு பங்களாவைப் பூட்டிவிட்டார்கள். காளையும் கத்தியும் எங்கே போயினவென்று தெரியாது. சித்தப்பா அரவேணுக் கடையைப் பார்த்துக்கொண்டார். கடையில் அவர் ஒரு இடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை.

நான் காலேஜில் சேர்ந்த வருடம், இனிமேல் சொல்லலாம் என்று நினைத்து, சித்தியிடம் அந்த ரகசியத்தைச் சொன்னேன். உங்கள் கல்யாணத்தைக் காப்பாற்றியதே நான்தான் என்றேன். சித்தி டீத்தூள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மியூசியத்துக் காவல்காரர் தினமும் டீ குடித்தது அவர்கள் கடையில்தான். தொரை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த பொம்மையின் முகம் நீலகிரி ஈரத்தில் பூத்துப்போய் மூக்கு விழுந்ததும், அதன் இடத்தில் நிற்க வந்த நான்கு பேர் அந்த உடுப்பு இடுப்பில் ஏறாமல் திரும்பிப் போனதும், ஐந்தாவதாக வந்த சிலோன்காரருக்கு அது தைத்ததுபோல் பொருந்தியதும் கடையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சித்தியின் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு போனார். உன் கண்ணால் பார்த்துவிட்டு நீயே சொல் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்.

"அப்ப அந்த ஊக்கு? நான் மணியை இழுக்காட்டி அவன் குத்தியிருப்பானே?"

"நீ இழுத்தயே, அந்தச் சத்தத்துல எல்லாரும் திரும்பினாங்க. அவன் திரும்பல. கைய ஓங்கிட்டான்" என்றார் சித்தி. "நான் அவன் கையப் புடிச்சுட்டேன். தம்பி, ஊசிய உள்ள வையுங்க, இது எங்க ஊட்டு ஆளுன்னு சொன்னேன். உங்க சித்தப்பா காதுலயும் அது உளுந்துச்சு."

அப்பாவும் அம்மாவும்கூட அறைக்குள் நுழைந்ததுமே கண்டுகொண்டார்கள் என்பதைச் சித்தி சொல்லாமலே நான் புரிந்துகொண்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றேன். அம்மா எனக்கு முன்னால் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம், சம்பந்தம் முடிவாகிவிட்டது, மாப்பிள்ளையின் உத்தியோகத்தை நேரிலேயே பார்த்து அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதுகில் அடி விழுந்த இடம் இன்னும் எரிந்தது. அம்மாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரியவர்கள் இவ்வளவு சுலபமாக ஏமாந்துபோகிறார்களே, நான் ஒருத்தி கண்ணைத் திறந்துவைத்திருக்காவிட்டால் இவர்கள் கதி என்ன என்று நினைத்துக்கொண்டு, என் முறை வந்ததும் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தேன்.